தொழிலுக்கு ஒரு பெயர், வரிக்கு ஒரு கணக்கு

1959-ஆம் ஆண்டு. மும்பை நகரின் கிர்காவ் பகுதி. ஏழு பெண்கள் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் கூடினார்கள். 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். அப்பளம் இட்டு விற்றார்கள். தொழில் வளர்ந்தது. பல பெண்கள் சேர்ந்தார்கள். 1966-இல் அதைச் சங்கமாகப் பதிவு செய்தார்கள். அதுதான் லிஜ்ஜத் அப்பளம். இன்று நாடு முழுவதும் அறிந்த பெயர்.

தொழில் சிறியதாக இருக்கும்போது யாரும் பதிவைப் பற்றி நினைப்பதில்லை. பணம் புழங்கத் தொடங்கியதும் கேள்விகள் வருகின்றன. கடன் யாருடையது? லாபம் யாருக்கு? வரி யார் கட்டுவது?

தனி ஆள் தொழில்

பெட்டிக்கடை, தையல் கடை, இட்லிக் கடை போன்றவை பெரும்பாலும் தனி ஆள் நடத்தும் தொழில்கள். சட்டத்தின் பார்வையில் கடையும் கடைக்காரரும் ஒன்றுதான். லாபம் முழுவதும் அவருக்கே. கடனும் முழுவதும் அவருக்கே. கடைக்கு வாங்கிய கடனைக் கட்ட முடியாவிட்டால், அவருடைய வீட்டின் மீதும் வழக்கு வரலாம்.

கூட்டுத் தொழில்

இரண்டு நண்பர்கள் சேர்ந்து தச்சுப் பட்டறை வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பட்டறையின் பெயரில் மரக்கடையில் கடன் வாங்குகிறார். பிறகு ஊரை விட்டுப் போய்விடுகிறார். மரக்கடைக்காரர் யாரைக் கேட்பார்? மிச்சம் இருப்பவரைத்தான். முழுக் கடனையும் அவரிடமே கேட்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது.

ஆகவே கூட்டாளிகள் ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். யார் எவ்வளவு முதல் போட்டார், லாபம் எப்படிப் பிரியும், யார் கடன் வாங்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யாத கூட்டுத் தொழில், தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக வெளியார் மீது வழக்குப் போட முடியாது.

கம்பெனி

கம்பெனி வேறு வகை. பதிவு செய்த நாளிலிருந்து சட்டம் அதைத் தனி ஆளாகவே பார்க்கிறது. அதன் பெயரில் நிலம் வாங்கலாம். கடன் வாங்கலாம். பங்குதாரர் இறந்தாலும் கம்பெனி நிற்கும். கம்பெனி நொடித்தால், பங்குக்குப் போட்ட பணம்தான் போகும். வீடு போகாது. ஆனால் வங்கியில் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. இதை மறக்கக் கூடாது.

பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் ஒரே ஆள் கம்பெனி தொடங்கவும் வழி செய்தது. மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்திடம் இணையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பதிவுச் சான்றிதழுடன் பான் எண்ணும் கிடைக்கும்.

கம்பெனிக்குச் செலவும் உண்டு. வியாபாரமே நடக்காவிட்டாலும் ஆண்டுதோறும் ஆடிட்டர் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும். அரசுக்கு அறிக்கை தர வேண்டும். தவறினால் அபராதம். ஆகவே சிறு கடைக்காரர் எல்லாரும் கம்பெனி தொடங்க வேண்டியதில்லை.

சிறு தொழில்களுக்கு உத்யம் என்னும் பதிவு 2020 முதல் இருக்கிறது. இதற்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. கட்டணம் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் ஏமாற வேண்டாம்.

இரண்டு வரிகள்

விற்பனை வேறு. லாபம் வேறு. ஆண்டு முழுவதும் விற்ற மொத்தத் தொகை விற்பனை. செலவு போக மிஞ்சுவது லாபம்.

ஜி.எஸ்.டி. என்பது விற்பனையின் மீது வரும் வரி. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். சேவை செய்பவர்களுக்கு 20 லட்சம். சில மாநிலங்களில் வரம்பு இதைவிடக் குறைவு. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால், பெரும்பாலும் வரம்புக்குள் இருந்தாலும் பதிவு வேண்டும்.

பட்டறைக்காரர் பதிவு செய்தவர் என்று கொள்வோம். மரம் 1,000 ரூபாய்க்கு வாங்குகிறார். அதற்கு 18 சதவீதம், அதாவது 180 ரூபாய் வரி கொடுக்கிறார். மேசை செய்து 2,000 ரூபாய்க்கு விற்கிறார். வாங்குபவரிடம் 360 ரூபாய் வரி பெறுகிறார். முன்பு கொடுத்த 180 ரூபாயைக் கழித்து, மீதி 180 ரூபாயை அரசுக்குக் கட்டுகிறார். மரம் வாங்கிய பில் இல்லாவிட்டால் கழிக்க முடியாது. 360 ரூபாயும் கட்ட வேண்டியதுதான். ஒரு துண்டுக் காகிதத்தின் விலை 180 ரூபாய்!

இந்த வரிப்பணம் கடைக்காரரின் பணம் அல்ல. அதை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால் பிறகு வட்டியும் அபராதமும் சேரும். பதிவு செய்யாதவர் வாடிக்கையாளரிடம் இந்த வரியை வாங்கவே கூடாது. பதிவு செய்தவர், விற்பனை இல்லாத காலத்திலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

வருமான வரி லாபத்தின் மீது வருவது. புதிய வரி முறையில் தனி ஆளுக்கு முதல் 4 லட்சம் ரூபாய் வருமானத்துக்கு வரி இல்லை. 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி இருப்பதால், தொழில் வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியிராது. ஆனாலும் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கூட்டுத் தொழிலுக்கும் கம்பெனிக்கும் இந்த வரம்பு கிடையாது. முதல் ரூபாய் லாபத்திலிருந்தே வரி உண்டு. நஷ்டம் வந்தாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

தொடக்கத்தில் பெரிய கணக்கு முறை தேவையில்லை. தேதி, வரவு, செலவு, பாக்கி என்று நான்கு கட்டம் போட்ட நோட்டு போதும். அன்றன்று எழுத வேண்டும். பில்களைத் தேதி வாரியாகக் கோத்து வைக்க வேண்டும். கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் கலக்கக் கூடாது. கடைக்குத் தனி வங்கிக் கணக்கு நல்லது.

ஆடிட்டர் நிரப்பித் தரும் படிவத்தில் கையெழுத்துப் போடுபவர் கடைக்காரர்தான். தவறு இருந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. படித்துப் பார்த்து, புரியாததைக் கேட்டு, தொகையைச் சொந்த நோட்டோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.