ராகு காலம் எத்தனை மணிக்கு?

எங்கள் வீட்டு நாள்காட்டியில் தினமும் தாள் கிழிப்பது பாட்டியின் வேலை. திதி, நட்சத்திரம், பிரதோஷம், பொன்மொழி, ஒரு பழைய நகைச்சுவைத் துணுக்கு என எல்லாம் ஒரே தாளில் இருக்கும். துணுக்குக்குச் சிரிப்பு வராது. பாட்டி படித்துக் காட்டும் விதத்துக்கு வரும். தாத்தாவின் திதி ஆண்டுதோறும் வேறு தேதியில் விழும் என்பதால், ஜனவரியிலேயே அந்தத் தாளைத் தேடி மூலையை மடித்துவிடுவார்.

ராகு காலத்தில் மட்டும் சமரசமே கிடையாது. திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை. எனக்கு 9 மணிக்குத் தேர்வு என்றால் ஏழரைக்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும்.

இந்தக் கணக்கைத் தேடிப் பார்த்தேன். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையிலான பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். திங்களுக்கு இரண்டாம் பங்கு. காலை 6 மணிக்கு உதயம் என்று வைத்து அச்சிட்ட நேரம் அது. சிங்கப்பூரில் சூரியன் எழுவதோ 7 மணியளவில்! ஏற்கெனவே சூரியனை முந்திக்கொண்டிருந்த நம் கடிகாரத்தை, 1982 பிறந்தபோது மலேசியாவோடு சேர்ந்து மேலும் அரை மணி நேரம் முன்தள்ளினோம். அப்படிப் பார்த்தால் இங்கே திங்கள் ராகு காலம் சுமார் 8.30 முதல் 10 வரை. என் தேர்வு தொடங்குவதே அதன் நடுவில்தான்.

சொன்னால் பாட்டியின் மனம் வாடுமோ என்று ஒரு வாரம் தயங்கினேன். பிறகு சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

“அப்படின்னா ஒவ்வொரு கிழமைக்கும் சரியான நேரத்தை எழுதிக் குடு,” என்றார். “ஆனா நீ ஏழரைக்கு முன்னாடியே கிளம்பு. அப்புறம் எம்ஆர்டியில உட்கார இடம் கிடைக்காது.”