ஸ்போர்ட்ஸ் பிராண்டுகளின் எழுத்து ஏன் சாய்ந்தே நிற்கிறது? சாய்வுக்குப் பின்னால் இருக்கும் கதை

ஷூ பாக்ஸ், ஜெர்சி, ஜிம் போர்டு, எனர்ஜி டிரிங்க் கேன்... எதை எடுத்தாலும் எழுத்துகள் தடிமனாக, வலப்பக்கம் சாய்ந்து, ஓடத் தயாராக நிற்பதுபோலவே இருக்கின்றன. ஏன் இப்படி?

தொடக்கம் எங்கே?

சாய்வெழுத்து வேகத்துக்காகப் பிறந்ததே இல்லை. 1501-ல் வெனிஸ் நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனுஷியஸ், கையடக்கக் கவிதைப் புத்தகங்களுக்காக இதைப் பயன்படுத்தினார். கையெழுத்துப் பாணியில் அதைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அதுதான் 'இட்டாலிக்'. அமைதியாக உட்கார்ந்து படிப்பதற்கான எழுத்து!

வேகம் எப்போது சேர்ந்தது?

இதில் கேமராவுக்கும் பங்கு உண்டு. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த சில கேமராக்களில், ஷட்டர் படத்தின் கீழ்ப்பகுதியை முதலில் பதிவு செய்யும். மேல்பகுதி பதிவாவதற்குள் ரேஸ் கார் கொஞ்சம் முன்னே போயிருக்கும். விளைவு, படத்தில் சக்கரங்கள் முன்பக்கம் சாய்ந்த முட்டை வடிவில் தெரியும். பிரெஞ்சு புகைப்படக் கலைஞர் லார்டிக் எடுத்த ரேஸ் கார் படம் இதற்குப் பிரபலமான உதாரணம். ஓடுபவரின் உடலும் முன்னால்தானே சாய்கிறது? அதனால் 'சாய்வு என்றால் வேகம்' என்பதைக் கண் சட்டெனப் பிடித்துக்கொள்கிறது.

நைக் என்ன செய்தது?

'ஸ்வூஷ்' சின்னம் 1971-ல் வந்தது. பிறகு அதனுடன் சேர்ந்த 'நைக்' என்ற பெயர், ஃபியூச்சுரா ஃபான்ட்டின் தடித்த, நெருக்கமான, சாய்ந்த வடிவத்தில் அமைந்தது. ஜெர்மனியின் பால் ரென்னர் வடிவமைத்த ஃபியூச்சுரா 1927-ல் வெளியானது. 'சுப்ரீம்' பிராண்டின் சிவப்புப் பெட்டி லோகோவிலும் இதே குடும்பத்தின் சாய்ந்த எழுத்துதான்.

நாமே சாய்த்தால் போதாதா?

சாஃப்ட்வேரில் ஒரு பட்டனைத் தட்டினால் எழுத்து சாய்ந்துவிடும். ஆனால், 'ஓ' போன்ற வட்ட எழுத்து ஒரு பக்கம் ஊதி, மறுபக்கம் மெலிந்துவிடும். நல்ல ஃபான்ட்டில் இந்த வளைவுகளை டிசைனர் ஒவ்வொன்றாகத் திருத்தியிருப்பார். தமிழில் சிக்கல் இன்னும் அதிகம். பல தமிழ் ஃபான்ட்களில் தனிச் சாய்வு வடிவமே கிடையாது. தடிமனாக்கிச் சாய்த்தால் 'ண', 'ழ', 'ணை' போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும்.

பிராண்ட் தொடங்குகிறீர்களா?

இந்த வகை ஃபான்ட் தலைப்புக்கும் லோகோவுக்கும் மட்டும்தான். பத்தி முழுக்கப் போட்டால் கண் வலிக்கும். லோகோவை ஆப் ஐகான் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். முக்கியமாக, லைசென்ஸ். இலவசமாக டவுன்லோடு ஆகும் பல ஃபான்ட்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. ஆயிரம் டீ-ஷர்ட் அச்சடித்த பிறகு அதைப் படிப்பதைவிட, டவுன்லோடு செய்யும்போதே படித்துவிடுவது நல்லது.