நிலவறை ஈரக்கசிவு

நில மட்டத்துக்குக் கீழே அமைந்த அறைகளின் சுவர்களிலும் தளத்திலும் ஈரம் ஊறுதல் நிலவறை ஈரக்கசிவு எனப்படும். கட்டிடத்தில் ஏறும் ஈரத்தை ஓதம் என்றும் கூறுவர். தமிழ்நாட்டுக் கட்டிடத் தொழிலில் "பேஸ்மெண்ட்" என்பது பெரும்பாலும் நிலவறையை அன்றி, நில மட்டத்துக்கும் வீட்டின் தளத்துக்கும் இடைப்பட்ட மேடைப் பகுதியையே குறிக்கும்.

தேனி மாவட்டத்தில், மலையடிவாரத்தில் உள்ள போடிநாயக்கனூரில் வீட்டு நிலவறைகள் அரிது. ஆனால் ஏலமலைச் சரிவுகளில் மண்ணை வெட்டிச் சமப்படுத்திக் கட்டப்படும் வீடுகளில், கீழறையின் பின்சுவர் மலை மண்ணோடு ஒட்டியிருக்கும். இதனால் அவ்வறை ஒருபக்க நிலவறை போலாகிறது.

காரணங்கள்

* பக்க ஊறல்: மழைநீர் சரிவு மண்ணுள் இறங்கிச் சுவரை அழுத்துகிறது. சுவருக்குப் பின் 2 மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், அதன் அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 டன் எடைக்குச் சமமான அழுத்தம் உண்டாகும்.
* நுண்துளை ஏற்றம்: செங்கல், சாந்து ஆகியவற்றின் நுண்துளைகள் வழியே நிலத்து ஈரம் மேலேறும். சுவரில் வெண்ணிற உப்புப் பூப்பது இதன் அறிகுறிகளுள் ஒன்று.
* ஒடுக்கம்: ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீர்த்துளிகளாதல்.

கண்டறிதல்

பாலித்தீன் தாளொன்றைச் சுவரில் விளிம்புகள் நன்கு மூடுமாறு ஒட்டி, இரண்டு நாட்களின் பின் பார்க்கலாம். அறைப்பக்கம் நனைந்திருந்தால் ஒடுக்கமும், சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஊறலும் காரணமாகும்.

தடுப்பு முறைகள்

முதலில் நீரைச் சுவரிலிருந்து விலக்க வேண்டும். வீட்டுக்கு மேற்புறம் சரிவுக்குக் குறுக்கே வடிகால் வெட்டுதல், கூரைநீரைக் குழாய்வழி அகற்றுதல் ஆகியன செலவு குறைந்தவை. அடுத்து, சுவரின் பின்புறம் சரளைக்கல் நிரப்பி, அடியில் துளையிட்ட குழாய் பதிக்கப்படுகிறது. நீர்க்காப்புப் பூச்சை மண்பக்கத்தில் இடுவதே சிறந்தது. உட்புறப் பூச்சை நீரழுத்தம் பெயர்த்துவிடும்.

தாங்குசுவர்களில் விடப்பட்ட கசிவுத் துளைகளைச் சிமெந்தால் அடைக்கக்கூடாது. அவ்வாறு அடைத்தால் நீர் தேங்கிச் சுவர் சரியக்கூடும். பின்புற மண்ணை மழைக்காலத்தில் தோண்டுவதும் ஆபத்தானது; வறண்ட காலத்தில், பொறியாளரின் அறிவுரையுடன் சிறு பகுதிகளாகத் தோண்ட வேண்டும்.

நுண்துளை ஏற்றத்தைத் தடுக்க, புதிய கட்டிடங்களில் மேடைமட்டத்தில் ஏறத்தாழ 4 செ.மீ. தடிப்பில் 1:2:4 கலவைக் கற்காரை ஓதத்தடுப்புப் படையாக இடப்படுகிறது. ஒடுக்கத்துக்குக் காற்றோட்டம் உதவும். எனினும் மூடுபனி நாட்களில் சன்னல்களைத் திறந்தால் ஈரம் கூடலாம்.

ஏலக்காய்ச் சேமிப்பு

உலர்த்திய ஏலக்காயில் ஏறத்தாழ 10 விழுக்காடு ஈரமே இருக்கும். ஓதமுள்ள அறையில் அது மீண்டும் ஈரத்தை உறிஞ்சி, பச்சை நிறம் மங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். எனவே மூட்டைகளைச் சுவரிலிருந்து விலக்கி, மரச்சட்டங்களின் மேல் அடுக்க வேண்டும்.