சாயப்பட்டறையும் நொய்யலாறும்

கோவைக்கு மேற்கே வெள்ளிங்கிரி மலையில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலப்பது நொய்யலாறு. காஞ்சிமா நதி என்பது இதன் பழம்பெயர். மழைக்காலத்தில் மட்டுமே பெருகி ஓடும் சிற்றாறு ஆயினும், இதனை நம்பிக் குளமும் வாய்க்காலும் அமைத்து உழவர் பயிர் விளைத்து வந்தனர். இவ்வாற்றின் இருகரையிலும் பரவியுள்ள ஊர் திருப்பூர். பருத்திக்குப் பேர்பெற்றிருந்த அவ்வூர் பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த நகரமாயிற்று. 1980ஆம் ஆண்டிற்குப் பின் ஆடை ஏற்றுமதி பெருகப் பெருக, துணிக்கு வண்ணம் ஏற்றும் சாயப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் எழுந்தன. அவற்றுட் பல, ஒரு குடும்பத்தார் சில தொழிலாளரை வைத்துக்கொண்டு நடத்திய சிறு பட்டறைகளே.

சாயமேற்றுதல் என்பது துணியைப் பன்முறை நீரில் முழுக்கி எடுக்கும் வேலையாகும். முதலில் துணியிலுள்ள எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் நீக்கி வெளுக்கவேண்டும். அடுத்துச் சாயத்தொட்டியில் இடவேண்டும். பின்னர், ஒட்டாது நின்ற சாயம் போகும்வரை மீண்டும் மீண்டும் அலசவேண்டும். முற்காலத்தில் ஒரு கிலோ துணி இவ்வெல்லா நிலைகளையும் கடந்து வெளிவருவதற்குள் நூறு லிட்டருக்கு மேற்பட்ட நீர் செலவாயிற்று. உள்ளூர்க் கிணற்று நீர் போதாமையால், சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து லாரிகளில் நீர் கொணரப்பட்டது.

வண்ணத்தினும் மிகுதியாக இத்தொழிலில் செலவாகும் பொருள் ஒன்று உண்டு. அஃது உப்பு. பருத்தி இழை நீரில் நனைந்தவுடன் சிறிதளவு எதிர்மின் தன்மை அடைகின்றது. சாயமும் அதே தன்மையுடையது. ஆதலின் இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. நீரில் உப்பைக் கரைத்தால் இவ்விலக்கம் தணிந்து, சாயம் இழையை நாடிச் செல்கின்றது. பின்பு சோடா சேர்த்தவுடன் சாயம் இழையோடு பிணைந்துவிடுகின்றது. உப்போ துணியில் தங்குவதில்லை. தன் வேலை முடிந்ததும், போட்ட அளவு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறிவிடுகின்றது.

பழைய விஞ்சுத் தொட்டியில் ஒரு கிலோ துணிக்கு 15 லிட்டர் நீரேனும் வேண்டும். கருநீலம் போன்ற அடர்ந்த நிறத்திற்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு இட்டால், 100 கிலோ துணிக்கு 1500 லிட்டர் நீரும் 90 கிலோ உப்பும் ஆகும். துணியின் எடையை எட்டிப்பிடிக்கும் அளவு உப்பு! ஒரு பட்டறையின் ஒரு தொட்டிக்கு இவ்வளவு என்றால், நூற்றுக்கணக்கான பட்டறைகளிலிருந்து நாள்தோறும் ஆற்றிற் சென்றது எவ்வளவு என்பதை மாணவர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

திருப்பூருக்குக் கீழே, பாசனத்திற்காக ஒரத்துப்பாளையம் என்னும் இடத்தில் 1992இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. மழைநீரைத் தேக்கக் கட்டிய அவ்வணையில் சாயநீர் தேங்கிற்று. அது நிலத்தினுள் ஊறிக் கிணறுகளையும் கெடுத்தது. உப்பேறிய மண்ணில் தென்னை வாடியது, நெல் விளையவில்லை. கிணறு வைத்திருந்தவரும் குடிநீருக்குக் குடத்துடன் நெடுந்தொலை செல்லலாயினர். ஓர் ஊரின் பிழைப்பு மற்றோர் ஊரின் பிழைப்பைப் பறித்ததெனின் மிகையாகாது. உழவர் நீதிமன்றத்தை நாடினர்.

பட்டறையினர் முதலில் மேற்கொண்ட முயற்சி, கழிவுநீரில் சுண்ணாம்பும் அன்னபேதியும் கலந்து நிறத்தை நீக்கியதாகும். நிறப்பொருள் சேறாகப் படிந்தது. நீர் ஓரளவு தெளிந்தது. எனினும் கீழ்ப்புறத்துத் தென்னைகள் முன்போலவே வாடின. கரைந்துள்ள உப்பைச் சுண்ணாம்பு நீக்காது அன்றோ! கண்ணுக்குத் தெரிந்த வண்ணத்தை நீக்கியவர்கள், கண்ணுக்குத் தெரியாத உப்பை ஆற்றிலேயே விட்டனர். போதாக்குறைக்கு, படிந்த சேற்றை எங்கே கொட்டுவது என்ற புதுத் தொல்லையும் சேர்ந்தது.

2006இல் சென்னை உயர்நீதிமன்றம், பட்டறைகளின் கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றில் சேரலாகாது என ஆணையிட்டது. அவ்வாணை முற்றும் நிறைவேறாமை கண்டு, 2011 ஜனவரியில் 700க்கு மேற்பட்ட பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு கூறிற்று. தொழிலாளர் பலர் வேலையிழந்து சொந்த ஊர் திரும்பினர். சாயவேலை மறைவாக வேறு ஊர்களுக்குச் சென்றதும் உண்டு. பின்னர், அரசு அளித்த வட்டியில்லாக் கடனின் துணையோடு பொது நிலையங்கள் செப்பம் செய்யப்பட்டு, பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன.

தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும் பொருள்வலிமை சிறு பட்டறைக்கு இல்லை. ஆகவே, பல பட்டறைகள் ஒன்றுகூடிப் பங்கு செலுத்திப் பொது நிலையம் ஒன்றை நடத்துகின்றன. ஒவ்வொரு பட்டறையின் கழிவுநீரும் குழாய் வழியே அங்கே செல்லும். குழாயில் பொருத்திய அளவுமானி காட்டும் லிட்டர்க் கணக்கின்படி உரிமையாளர் கட்டணம் செலுத்துவார். எத்தனை அறிவுரை கூறியும் வாராத சிக்கனம் இந்த அளவுமானியால் வந்தது. கொட்டிய நீருக்கும் விலை கொடுக்க நேர்ந்தபின், மூன்றாம் அலசல் உண்மையில் வேண்டுமா என்ற வினா எழுந்தது. விஞ்சுத் தொட்டிக்கு மாறாக மூடிய குழலில் துணியைச் சுழற்றும் எந்திரங்கள் வந்தன. அவற்றில் கிலோவுக்கு 6 லிட்டர் நீர் அளவிலேயே சாயமேற்ற இயலும். அதே 100 கிலோ துணிக்கு இப்போது 600 லிட்டர் நீரும் 36 கிலோ உப்பும் போதும். நீரைக் குறைத்ததால் உப்பும், அதனைச் சூடாக்கும் விறகும் உடன் குறைந்தன. வெளுப்புத் தூளுக்கு மாறாக, நீரும் பிராணவாயுவுமாகப் பிரிந்துவிடும் ஹைட்ரஜன் பெராக்சைடு வழக்கில் வந்தது. நீராவி குளிர்ந்து உண்டாகும் வெந்நீரை வீணாக்காமல் கொதிகலனுக்கே திருப்பும் வழக்கமும் பரவியது.

பொது நிலையத்தில், நுண்ணுயிர்கள் கழிவைத் தின்றபின், நீர் மிகுந்த அழுத்தத்துடன் மெல்லிய சவ்வுகளின் வழியே செலுத்தப்படுகின்றது. சவ்வு நீரை விடுகின்றது, உப்பைத் தடுக்கின்றது. இவ்வாறு கிடைக்கும் நன்னீரின் பெரும்பகுதி அதே பட்டறைகளுக்குத் திரும்பிச் சென்று மறுநாள் துணியை நனைக்கின்றது. எஞ்சும் செறிந்த உப்புநீரைக் காய்ச்சிக் குளிர்வித்தால் சோடியம் சல்பேட் படிகமாகப் பிரிகின்றது. சாதாரண உப்பினும் இதனைப் பிரிப்பது எளிதாகலின், பட்டறைகள் பலவும் சாயமேற்றுவதற்கே இவ்வுப்பைக் கொள்கின்றன. உப்புநீரை நிறம் நீக்கி நேரே சாயத்தொட்டிக்கு அனுப்பும் முறையும் உண்டு.

எனினும் வேலை முற்றுப்பெற்றதாகக் கூற இயலாது. உப்புநீரைக் காய்ச்சுவதற்கு விறகும் மின்சாரமும் மிகுதியாக வேண்டும். ஆற்றைக் காக்கும் அடுப்பு காற்றைச் சிறிது மாசுபடுத்துகின்றது. அப்பக்கத்துக் காற்றாலைகள் மின்சாரச் சுமையில் ஒரு பங்கை ஏற்கின்றன. விறகுச் சுமை அடுப்பிலேயே நிற்கின்றது. கடைசியில் பலவகை உப்புகள் கலந்த எச்சம் ஒன்று தங்கும். அது சாயத்திற்கும் உதவாது; நிலத்திலும் கொட்டலாகாது. அதனைச் சாக்குகளிற் கட்டி, மழைநீர் படாதவாறு கூரைக்கு அடியில் அடுக்கிவைத்துள்ளனர்.