சீமைப் பனிச்சை: மலைத்தோட்டத்துப் பழமும் இரைப்பையும்

குன்னூர்ப் பகுதியில் வீட்டுத்தோட்டம் வைத்திருப்போர் சிலர், பேரி, பிளம்ஸ் மரங்களுக்கிடையே சீமைப் பனிச்சையையும் வளர்க்கின்றனர். பெர்சிமன் என்ற பெயரில் விற்கப்படும், தக்காளியை ஒத்த செம்மஞ்சள் பழம் இதுவே. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி எழும் மரமாதலால் சமவெளி இதற்கு ஏற்றதன்று. எனினும் ஆப்பிள் கேட்கும் அளவு கடுங்குளிர் இதற்கு வேண்டியதில்லை. நீலகிரியின் குளிரே போதும். ஒட்டுக்கன்றாக நடுவது நல்லது. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால், வளர்ந்தபின் இடம் மாற்றுதல் கூடாது.

இரைப்பை, குடல் மருத்துவர் இதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் அதன் துவர்ப்பு. நம் நாட்டுப் பனிச்சை இம்மரத்தின் உறவு. அதன் காய்ச்சாற்றை மீன்வலைகளுக்கு ஏற்றுவதும், படகின் இணைப்புகளில் பூசிக் கசிவை அடைப்பதும் பழைய வழக்கம். அந்த ஆற்றலைத் தரும் டானின் என்னும் துவர்ப்புப்பொருள் சீமைப் பனிச்சைக் காயிலும் மிகுதி. இரைப்பை அமிலத்துடன் சேரும்போது அது பசையாகத் திரண்டு, பழநாரையும் பிணைத்துக் கல்போல் இறுகக்கூடும். பெசோர் எனப்படும் இக்கட்டியை உள்நோக்கிக் கருவியால் உடைத்து எடுக்க நேரிடும். சிலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படும்.

நல்ல உடல்நிலையில் உள்ளவர், கனிந்த பழத்தை அளவாக உண்ண அஞ்ச வேண்டியதில்லை. தட்டையான ஃபூயு வகையைக் கடினமாக இருக்கும்போதே உண்ணலாம். கூர்நுனி கொண்ட ஹச்சியா வகையோ கூழாகக் குழையும்வரை காத்திருக்க வேண்டும். மூடிய பாத்திரத்தில் வாழைப்பழத்துடன் வைத்தால் விரைவில் கனியும். தோலை நீக்குக. வெறும் வயிற்றில் வேண்டா. ஒரு வேளைக்கு ஒரு பழம் போதும்.

இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும், நெடுநாள் நீரிழிவால் இரைப்பை இயக்கம் தளர்ந்தோரும், பல்லிழந்து மெல்ல இயலாதோரும் இதனை முற்றிலும் தவிர்ப்பதே என் அறிவுரை. நலம் விசாரிக்க வரும் உறவினர் தம் தோட்டத்துப் பழத்தை அன்போடு நீட்டும்போது மறுப்பது கடினம்தான். பராமரிப்பாளர்கள் அதை வாங்கி வீட்டாருக்குக் கொடுத்துவிடலாம்.

இப்பழத்தை உண்டவருக்குச் சிறிதளவு உணவிலேயே வயிறு நிறைந்த உணர்வும் மேல்வயிற்று வலியும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுக. வாந்தியோடு வயிறு உப்பி, வாயுவும் மலமும் வெளியேறாமல் நின்றுவிட்டால் கட்டி சிறுகுடலை அடைத்திருக்கக்கூடும். அந்நிலையில் உணவோ நீரோ கொடாமல், தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வருக. உண்ட பழத்தின் பெயரை மறவாமல் கூறுக.