நெத்தலியும் பிளாஸ்டிக் மணியும்

2021 மே 20 அன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது. அது ஏற்றிவந்த சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. உலகில் இதுவரை பதிவான மிகப் பெரிய பிளாஸ்டிக் மணிக் கசிவு இதுதான். துவரம்பருப்பு அளவேயான வெள்ளை மணிகள் கரையெங்கும் குவிந்தன. தீயில் வெந்தவை கறுத்துக் கட்டியாகின. ஐந்து மில்லிமீற்றருக்குக் குறைந்த பிளாஸ்டிக் எல்லாம் நுண்பிளாஸ்டிக்தான். ஆகவே இவை கடலில் விழுந்தபோதே நுண்பிளாஸ்டிக். வெயிலும் அலையும் அவற்றை இன்னும் பொடியாக்கும்.

இந்தத் துகள்களை மீன் விழுங்கினாலும் குடலை எடுத்துவிட்டுத்தானே சமைக்கிறோம், பிறகென்ன பயம் என்று கேட்பவர்கள் உண்டு. பாரைக்கும் அறக்குளாவுக்கும் அந்தப் பதில் ஓரளவு பொருந்தும். மீனின் வயிற்றிலும் செவுளிலும்தான் துகள்கள் அதிகம் தங்குகின்றன. ஆனால் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ சம்பள நாள் தள்ளிப்போன வீட்டில் வாங்குவது நெத்தலிக் கருவாடு. தலையை மட்டும் கிள்ளி, கழுவி, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு வதக்கினால் குடலும் சேர்ந்தே கோப்பைக்கு வருகிறது. கையில் காசு குறைந்தவர்தான் மீனை முழுதாகத் தின்கிறார்.

மனித உடலுக்கு வரும் தீங்கு இன்னும் நிறுவப்படவில்லை என்பது நியாயமான மறுப்பு. 2022இல் உலக சுகாதார நிறுவனமும் தரவு போதாது என்றுதான் சொன்னது. தரவு போதாதென்றால் தேட வேண்டும். தேடாமல் இருப்பதற்கு அது அனுமதியல்ல. இதையெல்லாம் பேசினால் மீனவர் பிழைப்பில் மண் விழும் என்ற கவலை இன்னும் கனமானது. 2021இல் மீன்பிடித் தடையோடு, சனம் மீன் வாங்கவே அஞ்சியதும் அவர்களை வாட்டியது. ஆனால் அந்த அச்சத்தை வளர்த்தது வதந்தி. பேலியகொடை மீன் சந்தைக்கு வரும் மீனை மாதந்தோறும் சோதித்து, முடிவைச் சிங்களத்திலும் தமிழிலும் அறிவித்தால் மீனவருக்கே அது காப்பு. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அந்தப் பணம் வரும்போது முதல் செலவு இந்த மீன் சோதனைக்காகட்டும். பிளாஸ்டிக் மணிகளைக் கப்பலில் ஏற்றுவது பற்றிச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2024இல் தந்தவை பரிந்துரைகள் மட்டுமே. அவற்றைக் கட்டாய விதியாக்கும்படி கேட்க, இந்த இழப்பைப் பட்ட இலங்கையைவிட உரிமையுள்ள நாடு வேறில்லை. கப்பலை மட்டும் குற்றம் சொல்லியும் தப்ப முடியாது. மழை விட்ட மறுநாள் வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் சேரும் இடத்தில் மிதக்கும் ஷொப்பிங் பைகளும் யோகட் கோப்பைகளும் எந்தக் கப்பலிலிருந்தும் விழுந்தவையல்ல.