இரண்டரை மில்லிமீட்டர் விரிசல்

1967 டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், பாயின்ட் பிளசன்ட் ஊரையொட்டி ஒஹாயோ ஆற்றைக் கடக்கும் சில்வர் பாலத்தில் வாகன நெரிசல். ஐந்து மணியளவில் பாலம் வாகனங்களோடு சரிந்து ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள்.

1928இல் கட்டிய அந்தத் தொங்குபாலத்தைத் தாங்கியது கம்பிவடம் அல்ல. இரு முனைகளிலும் துளையிட்ட எஃகுப் பட்டைகளை முளைகளால் கோத்த சங்கிலி. உயர்வலிமை எஃகு என்பதால் ஒரு கண்ணிக்கு இரண்டு பட்டைகளே போதும் என்று முடிவு செய்திருந்தார்கள். ஆற்றிலிருந்து மீட்ட துண்டுகளைச் சோதித்தபோது, ஒரு பட்டையின் துளையோரத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு விரிசல் தெரிந்தது. அந்தப் பட்டை முறிந்ததும் அதன் இணைப்பட்டையும் முளையிலிருந்து நழுவியது.

இத்தனை சிறிய விரிசல் இவ்வளவு பெரிய பாலத்தைச் சாய்க்குமா? சாய்க்கும். பாரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் சோர்கிறது. அந்தச் சோர்வு பெரும்பாலும் மேற்பரப்பில்தான் விரிசலாகப் பிறக்கிறது. மென்மையான எஃகு, கீறலின் நுனியில் சற்றே நெகிழ்ந்து அழுத்தத்தைப் பரப்பிவிடும். உயர்வலிமை எஃகு அப்படி எளிதில் நெகிழாது. அரவைத் தடமோ துருப்பள்ளமோ இருந்தால் அழுத்தம் முழுவதும் அங்கேயே குவிகிறது.

ஈரமும் உப்பும் சேர்ந்தால் நிலைமை மோசம். பளபளப்பாக மெருகேற்றிய எஃகு, உலர்ந்த காற்றில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட சுமையை எத்தனை கோடி தடவையும் தாங்கும். உப்புநீரில் அந்தப் பாதுகாப்பான எல்லையே இல்லாமல் போகிறது. விரிசல் திறந்து மூடும்போதெல்லாம் நுனியில் புது உலோகம் வெளிப்பட்டு அரிபடுகிறது. அந்த வினையில் உண்டாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குத் தள்ளுகிறது. காசு கொட்டி வாங்கிய உயர்வலிமை எஃகு, பூச்சுப் பாதுகாப்பின்றி உப்புநீரில் கிடந்தால், சோர்வைத் தாங்குவதில் சாதாரண எஃகைவிடப் பெரிதாக மேம்பட்டதல்ல. வலிமை எண்ணை மட்டும் பார்த்து எஃகைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து.

வாகனச் சுருள்வில்கள், விமானச் சக்கரக் கால்கள் போன்றவற்றின் மேற்பரப்பைச் சிறு எஃகுக் குண்டுகளால் அடித்து இறுக்குவார்கள். விரிசல் பிறப்பதை அது தாமதப்படுத்தும். ஆனால் அந்த இறுகிய படலம் மிக மெல்லியது. துருப்பள்ளம் அதைத் தாண்டி இறங்கிவிட்டால் பயனில்லை.

சில்வர் பாலத்தின் விரிசல் இருந்த இடமோ, முளைக்கும் துளைக்கும் நடுவே, நீர் தேங்கும் இடுக்கு. மூட்டைப் பிரிக்காமல் அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. 1971இல் அமெரிக்கா நாடு முழுவதற்குமான பாலச் சோதனை விதிகளை வகுத்தது. அதே ஆற்றின் மேல்பகுதியில், அதே அமைப்பில் நின்ற செயின்ட் மேரிஸ் பாலத்தை விபத்துக்குப் பிறகு மூடினார்கள். 1971இல் இடித்தே விட்டார்கள்.